ஈசல் பாத்திரம்

எனக்குப் பூச்சி ஆகாது. ஆகாது என்றால் பயம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கீழ்க்கட்டளைத் தெருவில் பாம்பு வந்தபோது, ஆம்பிளைகள் எல்லாம் மாடியில் நின்று யோசனை சொல்லிக்கொண்டிருக்க, கம்பை எடுத்துக்கொண்டு இறங்கியவள் நான். பூச்சி விஷயம் வேறு. ஆறு காலும் மீசையும் வைத்துக்கொண்டு எது ஊர்ந்தாலும் எனக்கு அடிவயிற்றில் ஆரம்பித்துத் தொண்டை வரைக்கும் ஒரு புரட்டுப் புரட்டும். இத்தனைக்கும் நான் அறிவியல் டீச்சர். வருஷா வருஷம் கரப்பான்பூச்சியின் வாயுறுப்புகளைப் போர்டில் வரைந்து பாகம் குறிப்பேன். அன்றைக்கு மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டேன். காலேஜில் கரப்பானை அறுக்கிற பிராக்டிகல் வந்தபோது, பக்கத்து மேஜைப் பெண்ணுக்கு ரெக்கார்டு நோட்டு முழுக்கப் படம் வரைந்து கொடுத்து, என் கரப்பானையும் அவளையே அறுக்க வைத்தேன்.

ஆனால் இறால் சாப்பிடுவேன், நண்டும் சாப்பிடுவேன். சனிக்கிழமை காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கோவளம் வரைக்கும் போய், படகு வந்து நிற்கும்போதே பேரம் பேசி வாங்கி வந்து, நண்டுக் காலை உடைத்து உறிஞ்சுகிற ஆள்தான் நான். "இறாலுக்கு எத்தனை கால்னு என்னைக்காவது எண்ணிப் பாத்திருக்கியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அது கடல், இது மண் என்று சொல்லி அவர் வாயை அடைத்துவிடுவேன். பதில் சரியில்லை என்று எனக்கே தெரியும். சொல்லிவிட்டேன், சொன்னதுதான்.

அவர் கணக்கு வாத்தியார். மதுராந்தகத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து படித்து மேலே வந்தவர். எங்களுடையது தாத்தா காலத்திலேயே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு வந்து சேர்ந்த வாத்தியார் குடும்பம். ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தோம், பிடித்திருந்தது, கட்டிக்கொண்டோம். அவர்கள் ஆர்.சி., நாம் ப்ராட்டஸ்டன்ட், சரிப்பட்டு வராது என்று அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. காரணம் அது இல்லை என்று அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், எங்கள் சபையில் ஒவ்வொரு பெஞ்சுக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவருடைய தெரு, ஊரிலிருந்து தள்ளி இருந்த தெரு. நான் அதைச் சட்டை பண்ணவில்லை. அப்பாவை எதிர்த்துக்கொண்டு வெளியே வந்தவள் என்கிற கர்வம் எனக்கு இன்றைக்கும் உண்டு. யாராவது ஜாதிப் பேச்சு எடுத்தால் முதலில் சண்டைக்குப் போகிறவள் நான்தான்.

கல்யாணமான வருஷம் மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தோம். ஐப்பசியில் முதல் மழை விட்ட சாயங்காலம், ட்யூப்லைட்டைச் சுற்றி ஈசல் மொய்க்க ஆரம்பித்தது. லைட்டை அணைக்க ஓடினேன். "அணைக்காத, இரு" என்று அவர் ஒரு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து வந்து விளக்குக்கு அடியில் வைத்தார். எதற்கு என்று கேட்டேன். "விழட்டும். வறுத்தா நல்லா இருக்கும்" என்றார். நான் முதலில் சீ என்றேன், பிறகு விழுந்து விழுந்து சிரித்தேன். மறுநாள் ஸ்டாஃப் ரூமில் சொன்னேன், அம்மா வீட்டில் சொன்னேன். என் தங்கை வீட்டுக்காரர் ரொம்ப நாள் அவரை "ஈசல் மாப்ளே" என்றுதான் கூப்பிட்டார். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் மழை பெய்தது, ஈசல் வந்தது. ஒவ்வொரு தடவையும் அவரே எழுந்து போய் லைட்டை அணைத்தார்.

போன வருஷம் மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவருடைய அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பத்து வயசு மூத்தவர். களை எடுக்கவும் நாற்று நடவும் போய்த் தம்பியைப் படிக்க வைத்தவர். எனக்கு அண்ணி. நான் அவருக்கு டீச்சரு. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு தடவைகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நல்ல நாள் பெரிய நாளுக்கு வந்தால்கூட, சாயங்கால ரயிலுக்குக் கிளம்பிவிடுகிறவர். இந்தத் தடவை தங்கித்தான் ஆக வேண்டும். கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷன் முடிந்துவிட்டது. அடுத்து இருபத்தைந்து தடவை கரண்டு வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ரேடியேஷனை எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம், ஒரு நாளும் விடக்கூடாது. நான் பள்ளிக்கூடத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். காலையில் ஆட்டோ, அங்கே இரண்டு மணி நேரம் பெஞ்சு, உள்ளே ஐந்து நிமிஷம், திரும்ப ஆட்டோ. நான் மனசார செய்தேன். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், பின்னால் நடந்ததைப் படித்துவிட்டு இவள் முதலிலிருந்தே இப்படித்தான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இரண்டாவது வாரத்தில் அண்ணிக்குச் சாப்பாடு நின்றுபோயிற்று. இட்லி கொடுத்தால் வாந்தி, கஞ்சி கொடுத்தால் வாந்தி. கோழி சூப் வைத்தேன், வாசனை பட்டதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டார். "வாயில வெக்க முடில டீச்சரு. மண்ணு துன்றாப்ல கீது" என்றார். வாந்தியை வாரினேன், பெட்ஷீட்டைத் துவைத்தேன், எனக்கு அதில் ஒன்றும் அருவருப்பு இல்லை. நாற்பத்தாறு கிலோவில் வந்தவர் நாற்பத்திரண்டில் நின்றார். ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டர் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "மேடம், இன்னும் வெயிட் இறங்கினா ட்ரீட்மென்ட்ட நிறுத்த வேண்டி வரும். நடுவுல விட்டா இதுவரைக்கும் பண்ணதுக்கு அர்த்தமில்ல. அவங்களுக்கு எது பிடிக்குதோ குடுங்க. எதுவா இருந்தாலும் பரவாயில்ல" என்றாள். எதுவா இருந்தாலும் என்று சொன்னபோது அந்தப் பெண் எதை நினைத்தாளோ, நிச்சயம் இதை நினைத்திருக்க மாட்டாள்.

ஒன்பதாவது கரண்டு முடிந்த அன்றைக்கு மத்தியானம் நல்ல மழை. நான்கு மணிக்கு விட்டது. சபையில் பெண்கள் ஜெபக்கூட்டம் இருந்தது, போய்விட்டு ஆறரைக்குத் திரும்பினேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு காலி மனை உண்டு. புதரும் புற்றுமாகக் கிடக்கும். தெருமுனையிலிருந்தே பார்த்தேன், தெருவில் அத்தனை வீட்டிலும் விளக்கை அணைத்திருந்தார்கள், எங்கள் வீட்டுப் போர்ட்டிகோ மட்டும் ஜெகஜோதியாக எரிந்தது. ஈசல் மேகம் போல இறங்கிக்கொண்டிருந்தது. விளக்குக்கு நேர் கீழே என் அன்னக்கூடை. ஐம்பது பேருக்குச் சோறு வடிக்கிற பாத்திரம், சபையில் அசன விருந்து என்றால் முதலில் என் வீட்டுக்குத்தான் அதைக் கேட்டு வருவார்கள். அது நிறையத் தண்ணீர், தண்ணீர் தெரியாமல் ஈசல். ஒரு பக்கம் அண்ணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மறுபக்கம் என் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தரையில் விழுவதைக் கையால் கூட்டி உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கேட்டிலேயே நின்றுவிட்டேன். என் தலையில் ரெண்டு, கழுத்தில் ஒன்று, ஜாக்கெட்டுக்குள் ஒன்று. தரையெல்லாம் இறக்கை உதிர்ந்தது, உதிராதது, பாதி உதிர்ந்தது. இறக்கை போனது ஒன்றன் பின்னால் ஒன்று வாலைப் பிடித்தபடி ஊர்ந்து என் செருப்புக்கு வந்தது. கொழுத்த வயிறு, வெளிறிப்போன நிறம், உள்ளே இருக்கிறது தெரிகிற மாதிரி ஒரு பளபளப்பு. சுவரில் நான்கு பல்லி, அதுகளாலேயே அதற்கு மேல் முழுங்க முடியவில்லை.

"இன்னா டீச்சரு, அங்கியே நின்னுக்கினு கீற. வா உள்ள" என்றார் அண்ணி. பதினைந்து நாளில் அந்தக் குரலில் அன்றைக்குத்தான் உயிர் இருந்தது.

"அக்காவுக்குச் சாப்பிடணும்போல இருக்காம்" என்றார் என் வீட்டுக்காரர். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

டாக்டர் சொன்னது காதில் இருந்தது. உள்ளே போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பெட்ரூம் கதவைச் சாத்தி, கதவிடுக்கில் துணியைச் செருகினேன்.

மறுநாள் காலையில் என் அடுப்பில், என் இரும்புச் சட்டியில் சமையல் நடந்தது. அண்ணியால் நிற்க முடியாது என்று அடுப்பருகே ஸ்டூல் போட்டிருந்தார் என் வீட்டுக்காரர். வடிகட்டின ஈசலை முதலில் வெறும் சட்டியில் போட்டுப் புரட்டினார்கள். சட சட என்று ஒரு சத்தம். ஈரம் போனதும் இறக்கை சுருண்டு தனியாக வந்தது. அதை முறத்தில் கொட்டி அண்ணி உட்கார்ந்தபடியே புடைக்க, இறக்கை சமையற்கட்டு முழுக்கப் பறந்தது. ஜன்னல் கம்பியில், சாமான் அலமாரியில், உப்பு ஜாடியின் மூடியில். என் காபியில் ஒன்று வந்து விழுந்து மிதந்தது. காபியை அப்படியே சிங்கில் கொட்டினேன். முறத்தில் மிஞ்சியதைப் பார்க்காமல் இருந்திருக்கலாம், பார்த்தேன். பருப்பு மாதிரி குவியலாக, பழுப்பாக, ஒவ்வொன்றுக்கும் தலை இருந்தது. அதைத் திரும்பச் சட்டியில் போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, வறுத்த அரிசியும் பொட்டுக்கடலையும் கலந்து இறக்கினார்கள்.

வாசனை நன்றாகத்தான் இருந்தது. நிலக்கடலை வறுத்து நெய் விட்ட மாதிரி. அதுதான் எனக்கு இன்னும் குமட்டியது. நாறித் தொலைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். மூக்கு ஆசைப்படுகிறது, வயிறு புரட்டுகிறது, நான் கொல்லைப்புறம் போய் ரெண்டு தடவை ஓங்கரித்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டில் ஜெபம் பண்ணாமல் யாரும் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. அன்றைக்கு அவர்தான் ஜெபித்தார். "இந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று அவர் சொன்னபோது நான் ஆமென் சொல்லவில்லை. அண்ணி ஒரு கிண்ணம் சாப்பிட்டார். கறுமுறு என்று அந்தச் சத்தம் எனக்கு முதுகுத்தண்டில் கேட்டது. கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிஷம், அரை மணி, ஒரு மணி. வாந்தி வரவில்லை. மத்தியானம் இன்னொரு கிண்ணம், அதோடு ரெண்டு வாய் ரசம் சோறும் இறங்கியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட்டுக்கொண்டே குமட்டியது.

அன்றைக்கு மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஆஸ்பத்திரிக்கு என் வீட்டுக்காரர் கூட்டிக்கொண்டு போனார். வீட்டில் நான் தனியாக. சமையற்கட்டைக் கழுவ ஆரம்பித்தவள் சாயங்காலம் வரைக்கும் கழுவினேன். அடுப்பைக் கழுவினேன், மேடையைக் கழுவினேன், சட்டியைச் சோப்புப் போட்டு, வெந்நீர் ஊற்றி, மஞ்சள் போட்டுக் கொதிக்க வைத்து, மறுபடியும் சோப்புப் போட்டேன். தேய்த்த நாரைக் குப்பையில் எறிந்தேன். அப்படியும் மனசு ஒப்பவில்லை. இந்தச் சட்டியில் இனி நான் ஒரு வெங்காயம் வதக்குவேனா? மாட்டேன். சரி, இதை ஒதுக்கிவிடுவோம் என்று முடிவு செய்தேன். சட்டி, கரண்டி, முறம், கிண்ணம், தட்டு, டம்ளர் என்று எடுத்து வைத்தேன். எங்கள் சபையில் அசனத்துக்குப் பாத்திரம் கொடுக்கும்போது, மாறிப் போகாமல் இருக்க அவரவர் பாத்திரத்தின் அடியில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துக் கொடுப்போம். அந்தப் பழக்கம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் விட்டுப்போன சிவப்பு பாட்டில் இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு புள்ளி வைத்தேன். அடியில் வைத்தால் அவசரத்தில் தெரியாது என்று விளிம்பில் வைத்தேன். எல்லாவற்றையும் பின்வாசலில் வாஷிங் மெஷின் பக்கத்து ஷெல்ஃபில் அடுக்கினேன். வேலை முடிந்ததும் வெகு திருப்தியாக இருந்தது, ஒரு டம்ளர் காபி போட்டுக் குடித்தேன்.

அண்ணி வந்ததும் நானே சொன்னேன். "அண்ணி, ஈசலுக்குத் தனியா பாத்திரம் எடுத்து வச்சிட்டேன். சிவப்புப் புள்ளி வச்சிருக்கேன். உங்களுக்கும் சௌகரியம், எனக்கும் சௌகரியம்."

அவர் ஷெல்ஃபைப் பார்த்தார். தட்டை எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "சர்தான் டீச்சரு" என்றார்.

அதற்குப் பிறகு அண்ணி எல்லாவற்றையும் அந்தப் பாத்திரத்திலேயே சாப்பிட்டார். ஈசல் மட்டும் இல்லை, சோறு, இட்லி, காபி, மாத்திரைக்குத் தண்ணீர், எல்லாம். பின்வாசல் படியில் உட்கார்ந்து சாப்பிட்டு, வெளிக் குழாயில் தானே கழுவி, ஷெல்ஃபில் கவிழ்த்து வைத்தார். "உள்ள வந்து உட்காருங்களேன்" என்று ஒரு தடவை சொன்னேன். "காத்து வருது டீச்சரு" என்றார். ரெண்டாவது தடவை நான் சொல்லவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. சமையற்கட்டு சுத்தமாக இருந்தது. என் வீட்டுக்காரருக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலை, காலையில் போனால் சாயங்காலம்தான் வருவார், அவர் கண்ணில் ஒன்றும் படவில்லை. ஐந்தாறு நாளில் ஈசல் தீர்ந்தது. அண்ணியின் சாப்பாடும் மறுபடி குறைய ஆரம்பித்தது. இந்தத் தடவை வாந்தி இல்லை. வெறுமனே தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சோற்றைக் காக்காய்க்குப் போட்டார்.

பதினாறு கரண்டு முடிந்திருந்தது. பதினேழாவது நாள் காலையில் ஆட்டோவுக்கு நேரமாகிறது என்று போய்ப் பார்த்தால், அண்ணி புடவை மாற்றிக்கொண்டு, கட்டைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். "நா ஊருக்குப் பூடறேன். போதும் கரண்டு" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு அன்றைக்கு லீவு. அக்காவின் காலடியில் உட்கார்ந்துவிட்டார். "இன்னும் ஒன்பதுதான் அக்கா. விட்டா எல்லாம் வீண்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. விளையாடாத."

"மாடு கீது. பக்கத்து வூட்டுக்காரி எத்தினி நாளு பாப்பா."

"மாட்டை வித்துடலாம்."

"நெல்லு கீது." கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாரே தவிர, எழுந்திருக்கவில்லை. மாத்திரையாவது போட்டுக்கொள் என்று அவர் தண்ணீர் எடுக்கப் போனார். "அதுல இல்ல, பின்னால கீது பாரு என் டம்ளரு" என்றார் அண்ணி.

பின்வாசலுக்குப் போனவர் ரொம்ப நேரம் வரவில்லை. நான் போய்ப் பார்த்தேன். தட்டு ஒரு கையில், டம்ளர் ஒரு கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன?" என்றார்.

"ஈசல் பாத்திரம்."

"ஈசல் தீந்து எத்தனை நாள் ஆச்சு? அக்கா ஏன் இன்னும் இதுல சாப்பிடறாங்க?"

"அவங்களா எடுத்துக்கறாங்க. நானா சொன்னேன்?"

அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை. "எங்க ஊர் டீக்கடையில எங்க தெருக்காரங்களுக்குத் தனி டம்ளர் இருந்துச்சு. வெளிய ஆணியில மாட்டியிருக்கும். குடிச்சிட்டு நாமளே கழுவி மாட்டணும். அக்கா அந்தக் கடையில ஒரு நாளும் டீ குடிச்சதில்ல. ஒரு தடவை நடவு வெயில்ல மயங்கி விழுந்தப்போ யாரோ அந்த டம்ளர்ல தண்ணி கொண்டாந்தாங்க. அப்பவும் வாயை மூடிக்கிச்சு" என்றார். சொல்லிவிட்டுத் தட்டைப் பத்திரமாகக் கீழே வைத்தார். இந்த மனுஷனோடு இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இது எனக்குத் தெரியாது. ஈசல் கதையைக் கேட்டுச் சிரித்தவளிடம் இதை எப்படிச் சொல்லியிருப்பார்?

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. உச்சந்தலைக்கு ஏறியது. நேராகக் கூடத்துக்குப் போனேன். "அண்ணி, மனசுல ஒண்ணு வச்சுக்கிட்டு மாடு, நெல்லுன்னு பேசாதீங்க. நான் ஜாதி பாக்கறவளா? பாத்திருந்தா எங்கப்பாவை விட்டுட்டு உங்க தம்பியைக் கட்டியிருப்பேனா? உங்க வாந்தியை யார் வாரினது? துணியை யார் துவைச்சது? எனக்குப் பூச்சின்னா அருவருப்பு, அவ்வளவுதான். அதுக்குத்தான் புள்ளி வச்சேன்" என்று பொரிந்து தள்ளினேன்.

அண்ணி முழுசாகக் கேட்டார். "வாந்தி வாரின. இல்லன்னு எந்த வாயால சொல்வேன்" என்றார். "பூச்சியப் பாத்து மூஞ்சி சுளிச்ச. அதுல எனக்கு ஒண்ணியும் இல்ல. எனக்குக் கூடத்தான் நண்டப் பாத்தா ஆவாது. நா ஒண்ணு கேக்கறேன், சொல்லு. சட்டில புள்ளி வச்ச, சரி. தட்டுல வச்ச, அதுவும் சரின்னு வையி. டம்ளர்ல எதுக்கு வச்ச? ஈசல எவ டம்ளர்ல ஊத்திக் குடிக்கறா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி என்பார்களே, அப்படி இருந்தது. நான் யோசித்துப் பார்த்தேன். கூடத்தில் ரெண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க, நின்றபடி நிஜமாகவே யோசித்தேன். டம்ளரை எடுத்து வைத்தபோது என் மனசில் என்ன இருந்தது? எதுவும் இல்லை. சட்டி, கரண்டி, தட்டு என்று எடுத்த கை, தானாகப் போய் டம்ளரையும் எடுத்தது. யாரும் எனக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் யாரிடமும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கைக்குத் தெரிந்திருந்தது. பூச்சியைப் பார்த்து எத்தனையோ தடவை குமட்டியிருக்கிறேன், என் கையைப் பார்த்து அன்றைக்குத்தான் குமட்டியது.

"தெரியல அண்ணி" என்றேன். "மன்னிச்சுக்குங்க."

அண்ணி மாத்திரை அட்டையைக் கையில் எடுத்தார். "தண்ணி குடு" என்றார்.

சமையற்கட்டுக்குள் போய், நான் தினமும் குடிக்கிற என் டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தேன். எங்கள் இரண்டு வீட்டுப் பக்கமும் பொதுவாக டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி அண்ணாந்துதான் குடிப்போம். அண்ணி அப்படிக் குடிக்கவில்லை. விளிம்பில் வாயை நன்றாகப் பதித்து, மாத்திரையைப் போட்டுப் பாதி குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார்.

"குடி" என்றார்.

வாங்கினேன். மகள் கடித்துக் கொடுத்த கொய்யாவைத் தின்பவள், தங்கையின் எச்சில் ஐஸ்கிரீமைப் பிடுங்கித் தின்பவள். தண்ணீர் சுத்தமாக இருந்தது, அதில் ஒரு இறக்கை இல்லை, ஒரு கால் இல்லை. உதட்டருகே கொண்டுபோனேன். தொண்டை மூடிக்கொண்டது. ஒரு நொடிதான். ஈசலைப் பார்த்தபோது மூடியதே, அதே இடத்தில், அதே மாதிரி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு குடித்து முடித்தேன். கண்ணைத் திறந்தபோது அண்ணி என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நொடியை அவர் பார்த்துவிட்டார்.

"சரி, ஆட்டோவக் கூப்புடு. நேரமாவுது" என்று எழுந்தார். கட்டைப்பையைத் திரும்ப உள்ளே வைத்தார்.

ஒன்பது கரண்டும் முடிந்தது. ஒரு நாளும் விடவில்லை. நடுவில் இன்னொரு மழை வந்து இன்னொரு தடவை ஈசல் பிடித்தார்கள், நான் பெட்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டேன், யாரும் அதை ஒரு குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. புள்ளிகளையெல்லாம் அன்றைக்கே பிளேடால் சுரண்டி, எல்லாப் பாத்திரத்தையும் உள்ளே கொண்டுவந்து கலந்துவிட்டேன். அண்ணி சமையற்கட்டில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். என்னிடம் மட்டும் மறுபடி தண்ணீர் கேட்கவில்லை. தானே எழுந்து போய், எந்த டம்ளர் கைக்கு வந்ததோ அதை எடுத்து, வாய் வைத்துக் குடித்துவிட்டு, மற்றதோடு சிங்கில் போட்டுவிட்டுப் போவார். பத்துப் பன்னிரண்டு டம்ளர், எல்லாம் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கியது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் கிடையாது. சாயங்காலம் கழுவ நிற்கும்போது, அதில் அண்ணி குடித்தது எது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தெரிந்திருந்தது.